பிசிறு

அண்ணன் வருவதற்கு முன்னால் அவன் வாசனை வந்துவிடும். பேக்கரிக்காரன். வெண்ணெயும் வெனிலாவும் கலந்த அந்த மணம் பின்வாசல் வழியாக நுழைந்தால், அடுத்து அவன் வயிறு வரும், அதற்கும் அடுத்துதான் மீதி ஆள் வருவான் என்று வீட்டில் ஒரு கேலி உண்டு. அன்று காலை அந்த வரிசையில் கடைசியாக ஒரு கொத்தனாரும் வந்தார்.

"பாருங்க மேஸ்திரி, நான் சொன்ன சுவர் இதுதான்," என்றான் அண்ணன். "ரெண்டு பக்கமும் மொத்தமா பூசி, பளீர்னு வெள்ளை அடிச்சிடணும். ஒரு எறும்பு நுழைய சந்து இருக்கக் கூடாது."

தங்கை அப்போது யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லை மெழுகில் பொருத்திக்கொண்டிருந்தாள். அவள் பல்செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, முகம் தெரியாதவர்கள் மெல்லவும் சிரிக்கவும் வேண்டிய பற்களை வீட்டிலேயே உட்கார்ந்து செய்து கொடுப்பாள். கணவன் கப்பலில் சமையல்காரன்; வருஷத்தில் பாதி கடலில்தான் இருப்பான். ஆகவே வீட்டில் பேச்சுச் சத்தத்தைவிட ராவும் சத்தமே அதிகம்.

அவளுடைய மேசை ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு குறுகிய முற்றம். முற்றத்துக்கு அப்பால் அந்தச் சுவர். அவளுக்கு வாய்த்த காட்சி அவ்வளவுதான். பழைய கல் சுவர். இடையில் இருந்த சுண்ணாம்பெல்லாம் உதிர்ந்து, கல்லுக்குக் கல் சந்து விட்டிருந்தது. அந்தப் பக்கம் அண்ணன் வீடும் பேக்கரியும். இந்தப் பக்கம் அவள் வீடு. அப்பா வீட்டைப் பிரித்துக் கொடுத்தபோது சுவரை மட்டும் பிரிக்கத் தெரியாமல் பொதுவில் விட்டுவிட்டார். சுற்றிலும் மாடிக் கட்டடங்கள் எழும்பிய பிறகு முற்றத்தில் வெயில் விழுவதே இல்லை.

அவள் பல்லைக் கீழே வைத்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

சின்ன வயதிலிருந்தே இதுதான் அவள் வழக்கம். அழுது கேட்கிற குழந்தைகளை அப்பா சமாளித்துவிடுவார். சும்மா பார்த்துக்கொண்டே நிற்கிற இவளை யாராலும் சமாளிக்க முடிந்ததில்லை. அண்ணன் அவளுக்குக் கல்லுளிமங்கி என்று பெயர் வைத்தான். பெயர் வைத்ததோடு சரி, அந்த மௌனத்தை எதிர்த்து நிற்க அவனுக்கு இன்றுவரை தெம்பு வந்ததில்லை. எங்கே பேச்சில்லாத இடம் தென்பட்டாலும் அதில் மாவைப் போல் எதையாவது கொட்டி நிரப்பிவிட வேண்டும் அவனுக்கு.

"ஏன் அப்படிப் பாக்கறே? என் கஷ்டம் உனக்குத் தெரியுமா? போன வாரம் ஒரு பிறந்தநாள் கேக். மேல சாக்லேட்ல ரயில் வண்டி. பெட்டியைத் திறந்தா ரயில் நிஜமாவே நகருது! அத்தனையும் எறும்பு. குழந்தை கை தட்டுது, அவங்கம்மா அலறுது."

அவள் பேசவில்லை.

"சரி, வெள்ளை வேணாம். உன் பக்கம் நீ கேக்கற கலரை அடிச்சுக்கோ."

அவள் பேசவில்லை.

"இப்பவே ஒண்ணும் ஆரம்பிக்கப் போறதில்லை. மேஸ்திரி பள்ளிக்கூடத்துல மதில் கட்டிட்டிருக்காரு. அதை முடிச்சுட்டுதான் இங்க வருவாரு."

கொத்தனார் தலையாட்டினார். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரடியில் இருந்த தொட்டியைக் கவனித்தான். அதில் ஒரு செடி. இலை கொத்தமல்லியை இன்னும் கொஞ்சம் நீலமாக்கியதுபோல இருக்கும். பூ, கொடியில் வரிசையாகக் காயப்போட்ட மஞ்சள் மீன்குஞ்சுகள் மாதிரி தொங்கும். பல் டாக்டரம்மா ஒருவர் கொடுத்தது. "நிழல்லதான் இது நல்லா இருக்கும். கல் இடுக்குன்னா ரொம்பப் பிடிக்கும். பூக்க ஆரம்பிச்சா நிறுத்தாது" என்று சொல்லியிருந்தார். சொன்னபடியே அது நிறுத்தவில்லை. மற்ற செடிகளெல்லாம் ஒரு தடவை பூத்துவிட்டுப் பெருமையாக ஓய்வெடுக்கும் காலத்திலும் இது பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருந்தது.

"ஓஹோ. இந்த மீன்குஞ்சுச் செடிக்காகத்தானா?" என்றான் அண்ணன். "சரி போ. மேஸ்திரி திரும்பி வர்றதுக்குள்ள இது இந்தச் சுவத்துல, தொட்டியில இல்ல, சுவத்துல, வேர் பிடிச்சு நின்னுச்சுன்னா நான் பூசலை. உசுரோட இருக்கறது மேல சிமெண்டைப் பூசற பாவம் எனக்கு எதுக்கு? போதுமா?"

சொல்லிவிட்டுத்தான் அவனுக்கு உறைத்தது. "நான் ஏன் இதெல்லாம் சொல்லிட்டிருக்கேன்?" என்று கொத்தனாரிடம் கேட்டான்.

"அதான் எனக்கும் புரியலை சார்," என்றார் கொத்தனார். "அம்மா ஒண்ணுமே கேக்கலையே."

அவர்கள் போன பிறகு அவள் நெடுநேரம் ஜன்னலருகே இருந்தாள். செடிக்காக என்று அண்ணன் நினைத்தது பாதிதான் சரி. பற்களில் வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது. வாயில் போய் உட்காரும் பல்லில் கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் சாம்பல், விளிம்பில் தண்ணீர் மாதிரி ஒரு நீலம் எல்லாம் உண்டு. அதைப் பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டுச் சேர்க்க, எந்த நிறமும் கலக்காத வெளிச்சம் வேண்டும். அந்தச் சாம்பல் கல்லில் பட்டுத் திரும்பிவரும் வெளிச்சம் அப்படிப்பட்டது. எதிரே பளீரென்று வெள்ளைச் சுவர் நின்றால் அவள் செய்கிற பல் அத்தனையும் வெற்றிலைக் காவி ஏறியதுபோலத் தெரியும். அதைச் சரிசெய்கிறேன் என்று அவள் வெளுக்க வைத்து அனுப்பினால், போட்டுக்கொண்டவர் சிரிக்கும்போது ஊருக்கே கண் கூசும். ராவி ராவி அலுத்த கண்ணைக் கொண்டுபோய் வைக்கவும் அவளுக்கு வேறு இடமில்லை. அந்தக் கற்களில் ஒவ்வொன்றையும் அவளுக்கு முகம்போலத் தெரியும்.

இதையெல்லாம் அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்குள் இருப்பது வாய் வரைக்கும் வந்து, இது எதற்கு என்று திரும்பிப் போய்விடும்.

மறுநாளே வேலையைத் தொடங்கினாள். செடியில் குட்டிப் பயற்றங்காய் போன்ற காய்கள் இருந்தன. அவை வெடிப்பதற்கு முன்னால் ஒன்றுவிடாமல் பறித்தாள். பிரித்தால் உள்ளே பளபளவென்று கறுப்பு விதைகள். கடுகைப் போல அழகாக இருந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு விதையின் ஓரத்திலும் வெள்ளையாக, கொழகொழவென்று ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

பிசிறு! அவளுக்குக் கை பரபரத்தது.

அவள் தொழிலில் பிசிறு என்பது பெரும் குற்றம். அச்சிலிருந்து எடுத்த பல்செட்டின் ஓரத்தில் நகக்கண் அளவு பிசிறு நின்றாலும் ஈறில் குத்தும், டாக்டர் திருப்பி அனுப்புவார். இத்தனை வருஷங்களில் அவள் கையிலிருந்து பிசிறோடு எதுவும் வெளியே போனதில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மெழுகு செதுக்கும் மிக மெல்லிய கத்தியை எடுத்து, ஒவ்வொரு விதையாகப் பிடித்து அந்த வெள்ளைத் துணுக்கைச் சீவி எறிந்தாள். மென்மையான தூரிகையால் துலக்கினாள். கழுவி, துடைத்து, பற்களை அடுக்கும் தட்டில் வரிசையாகக் காயவைத்தாள். சீவியதையெல்லாம் வழித்து ஜன்னலுக்கு வெளியே தள்ளினாள். வேலை முடிந்தபோது விதைகள் நகைக்கடையில் வைக்கலாம் போலிருந்தன.

பிறகு முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, சந்து சந்தாக அவற்றை வைத்து, ஈரமண்ணால் அடைத்து, கரண்டியின் முதுகால் நீவிவிட்டாள்.

சுவருக்கு மேலே அண்ணன் தலை தெரிந்தது. மாவு மூட்டை மேல் ஏறி நின்றிருக்க வேண்டும்.

"என்னம்மா, சுவத்துக்குச் சொத்தையா? வேர் சிகிச்சையா, இல்ல பிடுங்கறதா?"

பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "ஏங்க, மூட்டை கிழியப்போகுது, இறங்குங்க! அவதான் வேலை பாக்கறாளே, நீங்க ஏன் வாயைப் பாத்துக்கிட்டு நிக்கறீங்க?"

"அவ வாயைத் திறந்தாத்தானே பாக்கறதுக்கு!"

விதைகள் முளைக்கவில்லை. மழை பெய்தது, ஓய்ந்தது, மறுபடி பெய்தது. பாசி பிடித்ததே தவிர ஒரு இலை எட்டிப் பார்க்கவில்லை. அவள் இன்னொரு தடவை காய்களைப் பறித்து, இன்னும் கவனமாகச் சீவி, இன்னும் சுத்தமாகக் கழுவி வைத்தாள். அதுவும் போயிற்று. தொட்டியிலிருந்து ஒரு கிளையை வேரோடு பிரித்துச் சந்தில் செருகிப் பார்த்தாள். அது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி இரண்டே நாளில் கிளம்பிவிட்டது.

இதற்கிடையில் அண்ணன் எறும்புகளோடு போர் தொடங்கியிருந்தான். தன் பக்கச் சுவரோரம் முழுக்க வெள்ளை மருந்துப் பொடியைக் கோலம்போல இழுத்துவிட்டிருந்தான். ஒரு நாள் மறுபடியும் மூட்டை மேல் ஏறினான். முகத்தில் கேலி இல்லை.

"ஏய், உன் வீட்டுல என்னத்தைச் சிந்தி வச்சிருக்கே? உன் ஜன்னலடியில இருந்து வெள்ளை வெள்ளையா எதையோ தூக்கிக்கிட்டு சாரை சாரையா வருதுங்க. நான் இங்க கொல்றேன், நீ அங்க சோறு போடறியா?"

அவன் இறங்கிப் போன பிறகு அவள் ஜன்னலடிக்கு வந்து குந்தினாள். உண்மைதான். விடாமல் அன்று காலையும் அவள் சீவித் தள்ளிய வெள்ளைத் துணுக்குகளை எறும்புகள் ஒன்றுவிடாமல் சுமந்துகொண்டு சுவர்ச் சந்துக்குள் போய்க்கொண்டிருந்தன. பக்கத்திலேயே அவள் கை தவறிச் சிந்திய விதைகள் கிடந்தன. துலக்கிய, கழுவிய, பளபளக்கும் விதைகள். ஒரு எறும்பு ஒன்றை முகர்ந்து பார்த்தது, சுற்றி வந்தது, பிடிக்க இடம் இல்லாததுபோல் விட்டுவிட்டு நடந்தது.

அவள் எழுந்து போய், அன்று தானாக வெடித்த ஒரு காயிலிருந்து சீவாத விதை ஒன்றை எடுத்துவந்து கல்லின் மேல் வைத்தாள். வைத்த கையை எடுப்பதற்குள் ஒரு எறும்பு வந்து அந்த வெள்ளைப் பிசிறைக் கவ்வியது. விதை அதைவிடப் பெரிது. கூடவே இன்னொன்று வந்தது. மாடிப்படியில் பீரோவை ஏற்றுகிற ஆட்கள் மாதிரி, ஒன்று இழுக்க ஒன்று தள்ள, நடுவில் தகராறு வந்து கொஞ்சம் கீழே இறக்கிவைத்து, மறுபடி தூக்கி, அவள் கரண்டி ஒருநாளும் எட்டமுடியாத ஓர் ஆழமான இடுக்குக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தன.

அது பிசிறில்லை. கைப்பிடி. செடியே பார்த்துப் பார்த்து ஒட்டவைத்து அனுப்பிய கூலி. எறும்பு அதைத் தின்றுவிட்டு விதையை உள்ளேயே குப்பையாகப் போட்டுவிடும். சுவருக்குள் இருக்கும் அந்தக் குப்பைதான் செடிக்கு வேண்டிய மண். அவளோ உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அத்தனை கூலியையும் வெட்டி எறிந்துவிட்டு, வேலை நடக்கவில்லையே என்று காத்திருந்தாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து கொஞ்சம் சிரித்தாள். பிறகு அண்ணனின் வெள்ளைப் பொடி நினைவுக்கு வந்தது, சிரிப்பு நின்றது. இப்போது செடியைச் சுவருக்குள் நட்டுவைக்கக்கூடியவர்கள் ஒரே ஒரு கூட்டத்தார்தான். அவர்களைத்தான் அந்தப் பக்கம் அண்ணன் கொன்றுகொண்டிருக்கிறான். இதை மௌனமாக நின்று சாதிக்க முடியாது. சும்மா பார்த்துக்கொண்டு நின்றால் அவன் சுவர் விஷயத்திலும் நிற விஷயத்திலும் இறங்கிவருவானே தவிர, எறும்பைப் பற்றி அவனுக்கு எப்படித் தோன்றும்?

தெருவைச் சுற்றிக்கொண்டு பேக்கரிக்குப் போனாள். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள். முன்பற்களை அடுக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. கல்லாவில் அண்ணி இருந்தாள். அண்ணன் அப்போதுதான் ஒரு தட்டு பன்னை அடுப்பில் தள்ளியிருந்தான்.

"அண்ணா, மருந்து போடாதே," என்றாள் அவள்.

இருவரும் நிமிர்ந்தார்கள்.

"எறும்புதான் விதையைக் கொண்டுபோகுது. நான் வச்சதெல்லாம் முளைக்காது, நான் கைப்பிடியை வெட்டிட்டேன். இனிமே அப்படியே விடப்போறேன், அதுங்க எடுத்துட்டுப் போகட்டும். நீ கொன்னா எடுக்க ஆள் இல்லை. எனக்கு அந்தச் சுவர் வேணும் அண்ணா. வெள்ளையா பூசிட்டா எனக்குப் பல்லோட நிறமே தெரியாது. கண் கூசும். டாக்டருங்க வேலையைத் திருப்பி அனுப்புவாங்க. அது மட்டும் இல்லை. நாள் முழுக்க நான் அதைத்தான் பாத்துட்டிருக்கேன். உனக்குக் கடைக்கு ஆள் வர்றாங்க, போறாங்க. எனக்கு அதுதான். அதை மூடிட்டா..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "மூடிட்டா நான் எங்கே பாக்கறது?"

அண்ணி கல்லாப் பெட்டியை மூடினாள்.

"உடம்பு சரியில்லையா?" என்று அண்ணன் மெதுவாகக் கேட்டான். "காய்ச்சலா?"

"பேசினா காய்ச்சலா? நல்ல கதையா இருக்கே!" என்றாள் அண்ணி. "நீ சொல்லும்மா. இன்னும் இருந்தா சொல்லு."

"அவ்வளவுதான் அண்ணி."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா? நான் ஏதோ செடிப் பைத்தியம்னு..." என்று தொடங்கிய அண்ணன் மூக்கை உறிஞ்சினான். அடுப்பில் பன் கருகிக்கொண்டிருந்தது. அவன் ஓடிப்போய்த் தட்டை இழுத்தான், அத்தனையும் கரி.

"கருகினா கருகட்டும்," என்றாள் அண்ணி. "பன் நாளைக்கும் சுடலாம். இவ இப்படிப் பேசறதை மறுபடி எப்ப கேக்கப் போறோம்?"

அண்ணன் கரித்தட்டைக் கையில் வைத்தபடியே யோசித்தான். "எறும்பை வச்சு விவசாயமா? சரி, மருந்தை நிறுத்தறேன். ஆனா பந்தயம் பந்தயம்தான். மேஸ்திரி வந்து, சுவத்துல ஒண்ணும் இல்லைன்னா பூசிடுவேன். அப்புறம் நீ பேசினாலும் கேக்க மாட்டேன், பேசாட்டியும் கேக்க மாட்டேன்."

அன்றிலிருந்து பேக்கரி மேசைகளின் கால்கள் எல்லாம் தண்ணீர்க் கிண்ணங்களில் நின்றன. அண்ணன் நடந்தால் கிண்ணத்தை உதைப்பான். உதைத்தால் அவளை நினைத்துக்கொள்வான். அது சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் நன்றாகவே கேட்கும். அவள் காய்களைத் தொடாமல் விட்டாள். அவை பாட்டுக்கு வெடித்தன, எறும்புகள் பாட்டுக்குச் சுமந்தன. தெருவே கொத்தனார் எப்போது வருவார் என்று அலுத்துக்கொள்ளும். இன்றைக்கு என்பார், அடுத்த வாரம் வருவார். அவர் அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட முதல் ஆள் அவளாகத்தான் இருப்பாள். மழை நின்று குளிர் வந்தது. குளிரும் போய்க்கொண்டிருந்தது. தினமும் வேலைக்கு உட்காரும் முன் சுவரைக் கல் கல்லாகத் தேடினாள். பாசி. ஒரு நத்தை. வேறு ஒன்றுமில்லை.

பள்ளிக்கூடத்து மதில் ஒருவழியாக முடிந்தது. ஒரு காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் சட்டியும் மண்வெட்டியும் உரசும் சத்தம் கேட்டது. சிமெண்டு குழைக்கிறார்கள். அவள் கையிலிருந்த பல்லை வைத்துவிட்டு, சுவரை ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்துக்கொண்டாள். ஊருக்குப் போகிறவர்களைப் பார்ப்பதுபோல.

மண்வெட்டிச் சத்தம் நின்றது. பூசும் சத்தம் தொடங்கவில்லை. காத்திருந்தாள். ஒன்றுமில்லை. அண்ணன் குரல்கூட இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. எழுந்து தெருவைச் சுற்றி ஓடினாள்.

அண்ணன் சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் விரித்து நின்றிருந்தான். எதிரே கொத்தனார் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா," என்றார் அவர். "நான் வந்ததுல இருந்து இப்படியேதான் நிக்கறாரு. நகரச் சொன்னா நகரலை. ஏன்னு கேட்டா பேசலை. இது உங்க குடும்பத்து வழக்கமா?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். இருவரும் பேசவில்லை. அவன் நெற்றியில் வியர்வை துளிர்த்தது, உதடு ஏதோ சொல்லத் துடித்தது, இறுக்கி மூடிக்கொண்டான். சட்டியில் சிமெண்டு இறுகத் தொடங்கியது.

"ஐயோ, என்னால முடியாது, நான் சொல்லிடறேன்," என்று அண்ணி வந்தாள். "அடுப்பு அனல் படற இடத்துல முளைச்சிருக்கு. உன் அண்ணன்தான் பாத்துக்கறாரு. தண்ணி ஊத்தினா மண்ணு கரைஞ்சிடும்னு, கேக்குக்கு க்ரீம் பிழியற பையில தண்ணியை ஊத்தி, சொட்டுச் சொட்டா பிழியறாரு! என்கிட்ட இப்படி ஒரு நாள் பக்குவமா நடந்துக்கிட்டது உண்டா கேளு."

அண்ணன் மெல்ல விலகினான். அவன் முதுகு மறைத்திருந்த இடத்தில், கல்லுக்குக் கல் இடையிலிருந்து, நீலப் பச்சை இலைகள் கொத்துக் கொத்தாக எட்டிப் பார்த்தன. ஒன்றில் ஒரே ஒரு மஞ்சள் மீன்குஞ்சு தொங்கியது. அவன் சட்டையில் உரசி அதன் வால் கொஞ்சம் கசங்கியிருந்தது.

"தோத்துட்டேன்னு சொல்ல வாய் வரலை," என்றான் அண்ணன். "பூசவும் கை வரலை. அதான் பேசாம நின்னேன். உனக்கு மட்டும்தான் அது பலிக்குமா?"

"அப்போ நான் எதுக்கு சார் குழைச்சேன்?" என்றார் கொத்தனார்.

குழைத்தது வீணாகாமல் பேக்கரி அறைத் தரையில் இருந்த வெடிப்புகளை அடைத்தார்கள். உண்மையில் கேக் ரயிலை ஓட்டிய எறும்புகள் வந்தது அந்த வழியாகத்தான் என்று பிறகு தெரிந்தது. அண்ணன் அதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை.

சுவர் அப்படியே நின்றது. அவள் பக்கம் இன்னும் பாசியும் நத்தையும்தான். எறும்புகள் அனல் இருக்கும் பக்கமாகவே குடும்பத்தை நகர்த்திவிட்டிருந்தன. சாம்பல் வெளிச்சத்தில் அவள் பற்களை அடுக்கினாள். நிறம் சரியாக வந்தது. அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. கொஞ்சம் பொறாமையைத் தவிர.

ஒரு காலை வெனிலா வாசனை வந்தது. தொடர்ந்து சுவருக்கு மேலே தலை வந்தது.

"இன்னிக்கு எத்தனை பூத்திருக்கு தெரியுமா? கடைக்கு வர்றவங்க எல்லாம் பின்பக்கம் வந்து பாத்துட்டுப் போறாங்க. நீயும் வா. உனக்கு டிக்கெட் கிடையாது."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பேசவில்லை.

"சரி, ஒரு செடியை மண்ணோட எடுத்துத் தரேன். உன் பக்கம் வச்சுக்கோ."

அவள் பேசவில்லை.

"சரி, ரெண்டு. பூ விட்டதா பாத்து."

அவள் ஒரு முன்பல்லை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அதன் ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று நிதானமாகப் பார்க்கத் தொடங்கினாள். இன்னும் கொஞ்சம் பொறுத்தால், அவனே கொண்டுவந்து நட்டும் கொடுப்பான்.